குடும்பத்துடன் ரோம்: மும்பை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மே மாதப் பள்ளி விடுமுறையில் ரோம் நகரத்துக்குச் செல்ல எண்ணும் மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பல ஆண்டுகளாகக் குடும்பக் குழுக்களை இத்தாலிக்கு அழைத்துச் சென்று வரும் நம் உறுப்பினர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

முலுண்ட் வாசகர்: பத்து நாளில் பாரிஸ், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ஃபுளோரன்ஸ், ரோம் ஐந்தையும் பார்க்கத் திட்டமிட்டுள்ளோம். ரோமுக்கு இரண்டு நாள் போதுமா?

போதாது. வந்து இறங்கும் நாளில் பாதியும் புறப்படும் நாளில் பாதியும் பெட்டி தூக்குவதிலேயே கழிந்துவிடும் என்பதால், தாங்கள் இரண்டு நாள் என்று எண்ணுவது உண்மையில் ஒரே நாள்தான். ஐந்தில் இரண்டு ஊர்களை நீக்கிவிட்டு ரோமில் நான்கு இரவு தங்குங்கள். எப்படித் திட்டமிட்டாலும் கொலோசியத்தையும் வாடிகனையும் ஒரே நாளில் வைக்க வேண்டாம். கொலோசியத்தின் நுழைவுச்சீட்டிலேயே பக்கத்தில் உள்ள ரோமன் ஃபோரம் என்னும் பழைய நகர்ச் சதுக்கத்தின் இடிபாடுகளும் பாலட்டைன் குன்றும் அடங்கும். மூன்றையும் நடந்து முடிக்க அரை நாளுக்கு மேல் ஆகும், அதிலும் பெரும்பகுதி நிழலற்ற வெட்டவெளி. வாடிகன் அருங்காட்சியகத்திலோ சிஸ்டைன் சிற்றாலயத்தை அடைவதற்குள் எத்தனையோ நீண்ட கூடங்களைக் கடக்க வேண்டியிருப்பதால், 1508 முதல் 1512 வரை மைக்கலாஞ்சலோ சாரத்தின்மேல் நின்று அண்ணாந்து தீட்டிய அந்தக் கூரையின்கீழ் வந்து நிற்கும்போது குழந்தைகள் "எப்போது அறைக்குப் போவோம்?" என்று கேட்கத் தொடங்கியிருப்பார்கள். காலையின் முதல் நேரத்துக்கே முன்பதிவு செய்தால் இந்தச் சங்கடம் பெருமளவு குறையும்.

டோம்பிவிலி வாசகி: எவற்றுக்கு முன்பதிவு கட்டாயம்?

கொலோசியத்துக்கும் வாடிகன் அருங்காட்சியகத்துக்கும். கொலோசியத்தின் சீட்டு ஒவ்வொருவர் பெயரிலும் வழங்கப்படுகிறது. வாயிலில் அடையாளச் சான்றும் கேட்பார்கள். நம்மவர்களில் பலர் தந்தையின் பெயரை முதலெழுத்தாக மட்டும் எழுதிப் பழகியவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: கடவுச்சீட்டில் எவ்வாறு உள்ளதோ அவ்வாறே முழுப்பெயரையும் பதிவு செய்யுங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு அங்கே கட்டணம் இல்லை. ஆயினும் அவர்கள் பெயரிலும் கட்டணமில்லாச் சீட்டு எடுத்தாக வேண்டும். வாடிகனில் உள்ள புனித பேதுரு பேராலயத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது, பாதுகாப்புச் சோதனை வரிசை மட்டுமே உண்டு. புதன்கிழமை காலையில் சதுக்கத்தில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடைபெற்றால் பேராலயம் பிற்பகலில்தான் பார்வையாளருக்குத் திறக்கும். வாடிகன் அருங்காட்சியகம் ஞாயிறுதோறும் மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறன்று மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், ஆனால் அன்றைய கூட்டத்தில் குழந்தைகளுடன் சிக்கிக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்த வேண்டும் என்ற விதியில் சேலையும் சுடிதாரும் அணிந்த பெண்களுக்கு எந்தச் சிக்கலும் வராது. அரைக்கால் சட்டையுடன் வரும் அப்பாக்கள்தாம் வாசலில் தடுக்கப்படுகிறார்கள்.

செம்பூர் வாசகர்: எழுபது வயதைக் கடந்த என் தாயாருக்கு முழங்கால் வலி உண்டு. அவரை அழைத்துச் செல்லலாமா?

தாராளமாக அழைத்துச் செல்லுங்கள் ஐயா, ஆனால் அம்மாவுக்கென்று தனித் திட்டம் ஒன்று வேண்டும். பழைய நகரப் பகுதியின் தெருக்கள் பலவற்றில் சிறு கருங்கற்களைப் பதித்திருக்கிறார்கள். நல்ல முழங்காலே மாலைக்குள் முறையிடும் தளம் அது. கொலோசியத்தில் மின்தூக்கி உண்டு, வாடிகன் அருங்காட்சியகத்தில் சக்கர நாற்காலி இரவலாகத் தருகிறார்கள். பாலட்டைன் குன்றையும், 551 படிகள் கொண்ட பேராலயக் குவிமாடத்தையும் அவர் விட்டுவிடட்டும். குவிமாடத்துக்குப் பாதி வழி வரை மின்தூக்கி இருந்தாலும் அதன்பின் 320 படிகள் மீதம் இருக்கின்றன. அவருக்கு மிகவும் பொருந்துவது பாந்தியன் என்னும் பழைய ரோமானியக் கோயில். ஹாட்ரியன் பேரரசன் காலத்தில் எழுந்த அதன் கவிகை மாடம் 43.3 மீட்டர் விட்டம் உடையது, தரையிலிருந்து உச்சி வரையிலான உயரமும் அதே அளவுதான். இரும்புக் கம்பி எதுவும் இல்லாத வெறுங்காங்கிரீட்டில் இன்றும் அதைவிடப் பெரிய மாடம் கிடையாது. உச்சியில் உள்ள வட்டத் திறப்பு மூடப்படுவதே இல்லை. மழை உள்ளே விழும். தளத்தில் உள்ள துளைகள் வழியாக நீர் வடிந்துவிடும். உள்ளே அமர இடம் உண்டு என்பதால், பிள்ளைகள் வெளியே ஐஸ்கிரீம் தின்னும் வரையில் அம்மா அங்கேயே அமைதியாக இருக்கலாம்.

மாட்டுங்கா வாசகி: நாங்கள் முட்டையும் உண்ணாத சைவர்கள். என்ன சாப்பிடுவது?

பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும். ரோமின் புகழ்பெற்ற பாஸ்தாக்களான கார்பொனாரா, அமாத்ரிச்சானா இரண்டிலும் பன்றிக் கன்னத்து இறைச்சி உண்டு. வெறும் பாலாடைக்கட்டியும் மிளகும் சேர்ந்த காச்சோ ஏ பேப்பே சைவமாகத் தோன்றும்; அதில் சேரும் பெக்கொரீனோ என்னும் பாலாடைக்கட்டி, ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் என்னும் உறைபொருளால் உறைய வைக்கப்படுவது. இது சிலருக்குப் பொருட்டில்லை, சிலருக்குப் பெரிய விஷயம், முடிவு தங்களுடையது. தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டும் தூவிய மரினாரா பீட்சாவில் பாலாடைக்கட்டியே இல்லை. யூதர் குடியிருப்புப் பகுதியில் முழுதாக எண்ணெயில் பொரித்துத் தரும் ஆர்ட்டிச்சோக் என்னும் காயைக் கட்டாயம் சுவைத்துப் பாருங்கள். சமையலறையுடன் கூடிய குடியிருப்பை எடுத்துக்கொண்டால், தெர்மினி ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள எஸ்குவிலீனோ சந்தையில் அரிசியும் பருப்பும் கிடைக்கும், தயிர் எந்த அங்காடியிலும் கிடைக்கும்.

அந்தேரி வாசகர்: திருட்டுப் பயம் உண்டா?

ஜேப்படி உண்டு. தாதர் நிலையத்தில் மாலை ஆறு மணிக்குப் பையை எப்படி முன்பக்கம் மாட்டுகிறீர்களோ, அப்படியே மெட்ரோவிலும் வாடிகன் பக்கம் செல்லும் 64-ஆம் எண் பேருந்திலும் மாட்டிக்கொள்ளுங்கள்.

தாராவி ஆசிரியர்: தமிழகத்தோடு தொடர்புடைய ஏதேனும் ஒன்றை என் பிள்ளைகளுக்கு அங்கே காட்ட முடியுமா?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும். ரோமன் ஃபோரத்தில் மாக்ஸென்டியஸ் பசிலிக்கா என்னும் பெருமண்டபத்தின் மூன்று பெரும் வளைவுகள் இன்றும் நிற்கின்றன. அந்தக் கட்டடம் எழுவதற்கு முன், முதலாம் நூற்றாண்டில், டொமிஷியன் பேரரசன் அதே இடத்தில் மிளகுக் கிடங்குகளைக் கட்டியிருந்தான். சங்ககாலச் சேரரின் முசிறித் துறையில் ஏற்றிய மிளகு, பருவக்காற்றைப் பிடித்து அரபிக்கடலைக் கடந்து, செங்கடலில் உள்ள எகிப்தியத் துறைகளில் இறங்கி, ஒட்டகத்திலும் நைல் ஆற்றிலும் அலெக்சாந்திரியா சேர்ந்து, மறுபடி கப்பலேறி ரோமை அடைந்தது. பெரெனிகே என்னும் செங்கடல் துறையில் நடந்த அகழாய்வில், இந்தியத் தாழி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை விழுங்குவதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பி எழுதியிருக்கிறார். அவ்வாறு வந்த யவனர் காசுகளே கரூரிலும் கோவை வட்டாரத்திலும் மண்ணிலிருந்து எடுக்கப்படுகின்றன. 408-இல் ரோமை முற்றுகையிட்ட கோத்தியர் தலைவன் அலாரிக், விலகிச் செல்வதற்குக் கேட்ட பொன், வெள்ளி, பட்டு ஆகியவற்றோடு 3,000 ராத்தல் மிளகும் கேட்டான். இவ்வளவையும் அந்த வளைவுகளின் எதிரே நின்று சொல்லிப் பாருங்கள். நம் சமையலறை அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் சரக்குக்கு ஒரு பேரரசின் தலைநகரில் அரசுக் கிடங்கு இருந்தது என்பதைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

வாஷி வாசகி: சிறு குழந்தைகளுக்குக் குடிநீர், கழிப்பறை?

தெருவெங்கும் இடைவிடாது ஓடும் வார்ப்பிரும்புக் குழாய்கள் இருக்கின்றன. அந்த நீரைத் தயங்காமல் குடிக்கலாம். கீழ்வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளையிலிருந்து நீர் பீய்ச்சும் என்பதைக் குழந்தைகள் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள், மாற்றுச் சட்டை வைத்திருங்கள். பொதுக் கழிப்பறை அரிது. காப்பிக்கடையில் நின்றபடி ஒரு காப்பி குடித்துவிட்டுக் கேட்பதே வழக்கம். அமர்ந்து குடித்தால் விலை கூடுதல்.

கோரேகாவ் வாசகர்: கடைசி நாள் இரவுதான் விமானம். பகலில் எதைப் பார்க்கலாம்?

கொலோசியத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள சான் கிளெமெண்டே தேவாலயம். மேலே பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோயில், அதன்கீழ் நான்காம் நூற்றாண்டுக் கோயில், அதற்கும் கீழே ரோமானியர் வணங்கிய மித்ரா என்னும் தெய்வத்தின் வழிபாட்டிடம் அமைந்த முதலாம் நூற்றாண்டுக் கட்டடம் எனப் படியிறங்கி இறங்கி நூற்றாண்டுகளைக் கடக்கலாம். கீழ்த் தளங்களுக்குக் கட்டணம் உண்டு, ஞாயிறு காலை வழிபாட்டு நேரத்தைத் தவிருங்கள். பெட்டிகளைத் தெர்மினி நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுச் சென்றால், திரும்பி வந்து அங்கிருந்தே ஃபியுமிச்சீனோ விமான நிலையத்துக்கு நேரடி ரயில் பிடிக்கலாம். பயணம் 32 நிமிடம்தான்.