ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்: வாசகர் கேள்வி – பதில்

என் மகனுக்கு ஒன்றரை வயது, எடை 9 கிலோ. நேற்றிலிருந்து பேதி. மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் கொடுத்தார்கள். 1 லிட்டரை அவன் எங்கே குடிக்கப் போகிறான் என்று, ஒவ்வொரு முறையும் டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் பொடி போட்டுக் கலக்கிக் கொடுக்கிறேன். சரிதானா?
– வாசகி, தேனி

சரியில்லை. முதலில் அதை நிறுத்துங்கள். ஓ.ஆர்.எஸ். என்பது பேதியில் போகிற நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல். அந்தப் பாக்கெட்டில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், மொத்தம் 20.5 கிராம் இருக்கிறது. 1 லிட்டர் தண்ணீருக்குக் கணக்குப் பார்த்து வைத்த எடை அது. கண் அளவில் ஸ்பூனால் அள்ளினால் ஒரு டம்ளர் கெட்டியாகவும் அடுத்தது நீர்த்தும் போகும். கெட்டியாகப் போனால் ரத்தத்தில் சோடியம் ஏறும். தாகம் அடங்காமல் குழந்தை சிணுங்கிக்கொண்டே இருக்கும், முற்றினால் வலிப்பு வரை கொண்டுபோய்விடும். நீர்த்துப் போனால், இழந்த உப்பு உடம்புக்குத் திரும்பாது.

அளவில் இவ்வளவு கறார் எதற்கு? குடலின் உள்சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக உள்ளே போகிற வழி ஒன்று உண்டு. பேதியின்போதும் பெரும்பாலும் அது அடைபடுவதில்லை. அவை உள்ளே போகும்போது தண்ணீரும் கூடவே போகும். சர்க்கரை மிஞ்சினால் கதை தலைகீழ்: குடலுக்குள் தங்கிய சர்க்கரை, உடம்பிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். முன்பு 1 லிட்டருக்கு உப்பு 3.5 கிராமும் குளுக்கோஸ் 20 கிராமும் இருந்தன. அவற்றைக் குறைத்தால் மலத்தின் அளவும் வாந்தியும் குறைகின்றன என்று தெரிந்த பிறகு, 2002-ல் உலக சுகாதார நிறுவனம் இப்போதைய அளவுக்கு மாறியது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் 1 லிட்டரை அளந்து எடுங்கள். அளவுக்குச் சுத்தமான 1 லிட்டர் பாட்டில் போதும். பாக்கெட் முழுவதையும் கொட்டிக் கரையுங்கள். கரைத்த பிறகு சூடாக்கக் கூடாது. சர்க்கரை, பால், பழச்சாறு எதுவும் சேர்க்கக் கூடாது. மூடி வையுங்கள். 24 மணி நேரத்தில் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள், வீணாகிறதே என்று பார்க்காதீர்கள். 200 மி.லி.க்கான சின்னப் பாக்கெட்டும் கிடைக்கிறது, உங்களுக்கு அதுதான் வசதி. வாங்கும்போது உறையில் எத்தனை மி.லி. என்று படித்துவிடுங்கள்.

ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும், 2 வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மி.லி., 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மி.லி. கொடுக்க வேண்டும்.

கண் குழி விழுந்து, எரிச்சலாக, தண்ணீரைக் கண்டதும் தாவிக் குடிக்கிறானா? வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே சமமாகாமல் மெதுவாகப் படிகிறதா? இவற்றில் இரண்டு இருந்தாலே நீரிழப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது கிலோவுக்கு 75 மி.லி. வீதம் 4 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். உங்கள் மகனுக்கு அது 675 மி.லி. இதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்துக் கொடுப்பதே நல்லது. இடையில் கண் இமை வீங்கினால் ஓ.ஆர்.எஸ்.ஸை நிறுத்தி, வெறும் தண்ணீரும் தாய்ப்பாலும் கொடுங்கள்.

கொடுத்ததை எல்லாம் வாந்தி எடுத்துவிடுகிறாள். டிரிப்ஸ்தான் ஏற்ற வேண்டுமா?
– வாசகர், கரூர்

பெரும்பாலும் தேவைப்படாது. தாகத்தில் டம்ளரோடு மடக்மடக்கென்று குடிப்பதால் வரும் வாந்திதான் அதிகம். 10 நிமிடம் விட்டு, ஸ்பூனிலோ பாலாடையிலோ 2, 3 நிமிடத்துக்கு ஒரு முறை 5 மி.லி. கொடுங்கள். 2 நிமிடத்துக்கு 5 மி.லி. என்றால் மணிக்கு 150 மி.லி. உள்ளே போய்விடும். இதற்குப் பொறுமையாக ஒருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். பால்புட்டியில் ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போனால் நடக்காது.

உப்புக் கரிக்கிறது என்று துப்புகிறான். பழச்சுவையில் அட்டைப் பெட்டியில் வருவதைக் கொடுக்கலாமா? குளுக்கோஸ் பவுடர், இளநீர்?
– வாசகி, திருவள்ளூர்

பழச்சுவை பானங்கள் பலவற்றில் சர்க்கரை மிக அதிகம், சோடியம் குறைவு. இவை பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போட்டுக்கொள்ளக் கூடாது என இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து ஏமாறாமல், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று அச்சிட்டிருக்கிறதா எனப் பாருங்கள். குளுக்கோஸ் பவுடர் கிட்டத்தட்ட வெறும் சர்க்கரைதான். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் போதாது. உப்புப் போட்ட கஞ்சி, மோர் போல இடையிடையே கொடுக்கலாம், ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாக அல்ல.

பாக்கெட் கைக்கு வரும்வரை வீட்டில் கரைப்பதானால், 1 லிட்டருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் பொடியுப்பு. கல் உப்பு வேண்டாம், ஸ்பூனில் அதன் அளவு பிடிபடாது. கொடுக்கும் முன் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கரையுங்கள்.

ஓ.ஆர்.எஸ். கொடுத்தும் பேதி நிற்கவில்லையே?
– வாசகர், நாகர்கோவில்

பேதியை நிறுத்துவது அதன் வேலையே இல்லை. போகிற நீரையும் உப்பையும் ஈடுகட்டுவதுதான். பேதி சில நாளில் தானாக அடங்கும். பெரியவர்களுக்கான நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. ஆன்டிபயாட்டிக்கும் எல்லாப் பேதிக்கும் கிடையாது.

தேவைப்படுவது துத்தநாகம், அதாவது ஜிங்க். 2 முதல் 6 மாதக் குழந்தைக்குத் தினம் 10 மி.கி., அதற்கு மேற்பட்ட வயதுக்கு 20 மி.கி.; மாத்திரையை ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்து 14 நாள். பேதி நின்றதும் ஜிங்க்கையும் நிறுத்திவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிற தவறு. கொடுத்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு முறை கொடுங்கள். சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம்: தாய்ப்பால், தயிர் சாதம், இட்லி, குழைந்த பருப்பு சாதம் எல்லாம் தரலாம்.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?
– வாசகி, சேலம்

மலத்தில் ரத்தம், ஓயாத வாந்தி, 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, கடும் காய்ச்சல், வலிப்பு, குடிக்க முடியாமை, துவண்டு கிடத்தல், கிள்ளிய தோல் 2 விநாடிக்கு மேலும் மடிப்பாகவே நிற்றல் – இதில் ஒன்று இருந்தாலும் கிளம்புங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் எதற்கும் காத்திருக்க வேண்டாம். குழந்தை விழித்திருந்து விழுங்க முடிந்தால், வழியிலும் ஸ்பூனில் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே போங்கள். மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும்.