மரப்பிடி வைத்த ஸ்க்ரூடிரைவரை உலையில் அடித்துச் செய்ய முடியுமா?

முடியும். கிருஷ்ணகிரியில் புதிதாகக் கொல்லர் வேலை பழகும் உங்களுக்கு, கத்தியைவிட இதுதான் நல்ல முதல் வேலை என்பேன். கட்டடக் கம்பி வேண்டாம், முனை மடங்கிவிடும். பழைய இரும்புக் கடையில் பைக் ஷாக் அப்சார்பர் சுருள் கேளுங்கள். அது ஸ்பிரிங் எஃகு.

சிவக்கக் காய்ச்சி நிமிர்த்துங்கள். பிடிக்குள் போகும் வாலைச் சதுரமாக அடியுங்கள், அப்போதுதான் உள்ளே சுழலாது. சூடு மங்கியபின் அடித்தால் விரிசல் விடும்.

முனைதான் முக்கியம். உளிபோல் கூராக்கினால் திருகின் பள்ளத்திலிருந்து வழுக்கி வெளியே வரும். கடைசிப் பகுதியின் இரு பக்கமும் இணையாக இருக்கும்படி அரத்தால் ராவுங்கள். அப்புறம் தோய்ச்சல், அதாவது முனையைக் கடினமாக்குவது: காந்தம் ஒட்டாத சூடு, சுமார் 770 டிகிரி, அதைச் சற்றுத் தாண்டியதும் முனையை எண்ணெயில் முக்குங்கள். தண்ணீரில் முக்கினால் வெடிக்கலாம். இப்போது முனை எளிதில் உடையும். அதனால் பளபளவென்று தேய்த்து, தண்டுப் பக்கமிருந்து மெல்லச் சூடாக்குங்கள். மஞ்சள், பழுப்பு, ஊதா என்று நிறம் ஓடிவரும். முனை நீலமானதும், ஏறக்குறைய 300 டிகிரி, தண்ணீரில் ஆற்றிவிடுங்கள்.

பிடிக்கு நன்கு காய்ந்த புளி அல்லது வேல மரம். பிளக்காமலிருக்கப் பிடியின் வாயில் பித்தளைக் குழாய்த் துண்டைப் பூணாக மாட்டி, துளையில் வாலை இறுக்கி அடித்து இறக்குங்கள். மின்சார வேலைக்கு மட்டும் இதைத் தொடாதீர்கள்.