வாணியம்பாடி அம்மாவுக்கு: கழிவுக் கொழுப்பை நம்பிப் படிக்கலாமா?

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தை இரண்டு முறை படித்தேன். "அவங்க அப்பா 20 வருஷமா அந்த நாத்தத்துல நிக்கிறாரு. பொண்ணும் படிச்சு முடிச்சு அதுக்கேதான் போகணுமா?" தோல் பதனிடும் ஷாப்பில், தோலில் ஒட்டிய சதையை வழிக்கிற ஃபிளெஷிங் மெஷின் முன்னால் நிற்கிறவர் வீட்டில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கெமிக்கல் இன்ஜினியரிங் படித்து, அப்பா வழித்துப் போடுகிற கொழுப்பிலிருந்து விலை போகிற ரசாயனம் எடுக்கப் போகிறேன் என்று மகள் சொல்வது உங்களுக்கு விளையாட்டுப் பேச்சாகப் படுகிறது. அது விளையாட்டு இல்லை. அதை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் கல்லூரிக்கும் வேலைக்கும் வருகிறேன்.

தோலிலிருந்து வழிக்கிற சதையில் சுண்ணாம்பும் சல்ஃபைடும் ஊறியிருக்கும். உங்கள் வீட்டுக்காரர் சட்டையோடு வீடு வரை வருகிற வாடையில் பாதி அதுதான். ஆனால் அது, தோலைப் பதப்படுத்தும் குரோம் உப்பு ஏறுவதற்கு முந்தைய கழிவு. பதனிட்ட தோலைச் சீவும்போது விழுகிற ஷேவிங் தூள் மாதிரி குரோம் கலந்தது இல்லை. அமிலம் விட்டுச் சுண்ணாம்பை எடுத்து, சூடாக்கினால் கொழுப்பு மேலே மிதக்கும். உள்ளே பார்த்தால் இந்தக் கொழுப்பும், பஜ்ஜிக் கடையில் கறுத்துப்போன எண்ணெயும் ஒரே குடும்பம். ஒரு கிளிசரின், அதில் தொங்கும் மூன்று கொழுப்பு அமிலங்கள்.

அந்த அமிலங்களில் ஒன்று ஒலியிக் அமிலம். விலங்குக் கொழுப்பில் தாராளமாக இருக்கும். 18 கார்பன் கொண்ட சங்கிலி, நட்டநடுவில் ஒரு இரட்டைப் பிணைப்பு. அந்த இடத்தில் வெட்டினால் 9 கார்பனும் 9 கார்பனுமாக இரண்டு துண்டு. ஒரு துண்டு அசிலாயிக் அமிலம். முகப்பருவுக்கு டாக்டர் எழுதித் தருகிற கிரீம்களில் இருப்பது அதுதான். ஆலைகள் வெகுகாலமாக ஓசோன் வாயுவை வைத்து வெட்டுகின்றன. அதற்கு மின்சாரம் நிறையச் செலவாகும், ஆபத்தும் உண்டு. ஓசோனுக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டால், வேலை முடிந்ததும் அதிலிருந்து மிஞ்சுவது தண்ணீர். இத்தாலியின் சார்டீனியா தீவில் தாவர எண்ணெயை இப்படி உடைக்க ஆலையே கட்டினார்கள். கொழுப்பிலிருந்து அந்த அமிலங்களைப் பிரிப்பதிலும் இதே கதைதான். வழக்கமான முறைக்குச் சுமார் 250 டிகிரி சூடும் 50 மடங்கு காற்றழுத்தமும் வேண்டும். லைபேஸ் என்ற நொதி அதையே 40 டிகிரி அளவில் செய்துவிடும். பசுமை வேதியியல் என்று உங்கள் மகள் சொல்வது இதைத்தான். பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் என்ற இருவர் 1998இல் இதற்கு 12 கோட்பாடுகள் வகுத்தார்கள். கழிவை உண்டாக்கிவிட்டுச் சுத்தம் செய்வதைவிட உண்டாக்காமல் இருப்பதே மேல் என்பது அதில் முதல் கோட்பாடு.

கேட்க எளிதாக இருக்கிறது, செய்வது எளிதல்ல. ஒரு கல்லூரி லேபில் மாணவிகள் ஹோட்டல் எண்ணெயில் பயோடீசல் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துக் கலக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு புனலில் மேலே தேன் நிறத்தில் டீசல், கீழே கருப்பாகக் கிளிசரின், நடுவில் கத்தியால் கோடு போட்டது போல ஒரு எல்லை. பக்கத்துப் புனலில் எதுவும் பிரியவில்லை. பழைய கஞ்சி போல உறைந்து நின்றது. அந்த எண்ணெயில் கிளிசரினை விட்டுப் பிரிந்து நிற்கும் தனி அமிலம் அதிகம், காஸ்டிக் அதைச் சோப்பாக்கிவிட்டது. அந்தப் பெண் முகம் சுண்டிப்போய், மறுபடி பியூரெட் என்ற அளவுக் குழாயை நிரப்பி அமில அளவு பார்க்க உட்கார்ந்தாள். இந்தத் துறையில் தினசரி வேலை இப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு லோடு கழிவும் ஒவ்வொரு மாதிரி வரும், ஒவ்வொன்றையும் அளந்துதான் தொட வேண்டும். உங்கள் மகளுக்கு இந்தப் பொறுமை இருக்கிறதா என்று கேளுங்கள். நாற்றத்தைப் பற்றி அவளிடம் கேட்கவே வேண்டாம். அது அவளுக்குத் தெரியும்.

சரி, படிப்பு. என் கருத்து ஒன்றுதான். இளநிலையில் அகலமாகப் படிக்கட்டும், முதுநிலையில் கூர்மையாக்கிக்கொள்ளட்டும். கவர்ச்சியான பெயர் வைத்த புதுப் பாடப்பிரிவை நம்பி 4 வருடத்தைக் கொடுக்காதீர்கள். கெமிக்கல் இன்ஜினியரிங் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. இந்த வேலை நடக்காவிட்டாலும் மருந்து, பெயின்ட், உரம், பெட்ரோலியம் என்று பல கதவு திறந்திருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) லெதர் டெக்னாலஜியும் நடத்துகிறது, அடையாற்றில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எல்.ஆர்.ஐ.யோடு சேர்ந்து. வாணியம்பாடிப் பெண்ணுக்கு அதுவும் நல்ல வழி. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி என்றால் பயப்பட வேண்டாம், ஆனால் அதோடு நிறுத்தினால் பெரும்பாலும் தரப் பரிசோதனை லேப் வேலைதான், ஆரம்பச் சம்பளமும் குறைவு. ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வை எழுதி மேலே போக வேண்டும்.

எண்ணெய், கொழுப்பு என்றே படிக்க மும்பையின் வேதித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான ஐ.சி.டி.யும், கான்பூரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எச்.பி.டி.யூ.வும் பெயர் பெற்ற இடங்கள். ஆராய்ச்சிக்கு ஐதராபாத்தின் வேதித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான ஐ.ஐ.சி.டி., டேராடூனின் பெட்ரோலிய ஆராய்ச்சி நிறுவனமான ஐ.ஐ.பி. 2018 ஆகஸ்ட் 27 அன்று டேராடூனிலிருந்து டெல்லிக்குக் காட்டாமணக்கு எண்ணெயில் செய்த எரிபொருளைக் கலந்து விமானம் பறந்தது, அந்தத் தொழில்நுட்பம் ஐ.ஐ.பி.யுடையது. எம்.எஸ்சி. முடித்தவர்கள் எழுதும் தேசியத் தகுதித் தேர்வான நெட்டில், ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயோடு பிஎச்.டி. செய்யலாம்.

வேலை இருக்கிறதா என்று கேட்டீர்கள். ஃபிளெஷிங்கிலிருந்து முகக் கிரீம் மருந்து எடுக்கும் கம்பெனி உங்கள் ஊரிலேயே காத்திருக்கிறது என்று நான் சொன்னால் அது பொய். சோப்பு, சர்ஃபாக்டன்ட் (அழுக்கு நீக்கும் நுரைப் பொருள்), கொழுப்பு அமிலம் செய்யும் ஆலைகளில் வேலை உண்டு. குஜராத், மகாராஷ்டிரா பக்கம் அதிகம். ஷிப்ட் இருக்கும், வெளியூர் போக வேண்டியிருக்கும். அதற்கு வீட்டில் மனது வைக்க வேண்டும். தேவை கூடுவதற்குக் காரணமும் இருக்கிறது. வெளிநாடு போகிற விமானங்களின் எரிபொருளில் 2027இல் 1 சதவீதம், 2030இல் 5 சதவீதம் எண்ணெய், கொழுப்பு போன்றவற்றில் செய்கிற பசுமை எரிபொருள் என்று இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. ஃபின்லாந்தின் நெஸ்டே நிறுவனம் சிங்கப்பூர் ஆலையில் பழைய எண்ணெயையும் விலங்குக் கொழுப்பையும் வாங்கி இதைத்தான் செய்கிறது. அதனால்தான் நேற்று வரை சாக்கடைக்குப் போன கொழுப்புக்கு இன்று விலை கேட்கிறார்கள்.

பணத்துக்குப் பயப்படுகிறீர்கள், புரிகிறது. மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். கட் ஆஃப் 200இல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50. வேதியியல் பிடிக்கும் என்பதற்காகக் கணக்கை விட்டுவிட்டால் இடம் போய்விடும், அதை அவளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைக் காட்டுவார்கள். நீங்கள் லேபைக் காட்டச் சொல்லுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மாணவிகள் கையால் செய்கிறார்கள் என்று மூன்றாம் வருடப் பெண் ஒருத்தியிடம் தனியாகக் கேளுங்கள். அவங்க அப்பாவையும் கூட்டிப் போங்கள். கொழுப்பைப் பற்றி அவர் கேட்கிற கேள்விக்குத் துறைத் தலைவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்று பாருங்கள்.

இந்த வாரமே தலைமையாசிரியரிடம் போய், அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றை வகுப்பு வாரியாக எழுதி வாங்கி வைத்துவிடுங்கள்.