செருப்போடு தூங்கியவள்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் வந்த உங்கள் சிறுகதையைப் படித்தேன். சுனாமியில் அம்மாவையும் தம்பியையும் பறிகொடுத்த பதினைந்து வயதுப் பெண், மூன்றே மாதத்தில் ரெட்டைச் சடை, ரிப்பன், மடிப்புக் கலையாத யூனிஃபார்ம் என்று பள்ளிக்கு வருகிறாள், சிரிக்கிறாள், கிளாஸ் லீடர் ஆகிறாள். நம்ப முடியவில்லை. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன், உடைந்துபோன பிள்ளையை என்னால் பார்த்தவுடன் சொல்லிவிட முடியும். கதைக்காக மிகைப்படுத்திவிட்டீர்களோ?

(திருச்சியிலிருந்து ஓர் ஆசிரியை. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

குறைத்துத்தான் எழுதினேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை வந்த அலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அடுத்த சில மாதங்கள் அங்கே தற்காலிகக் குடியிருப்புகளில் எடுபிடி வேலை பார்த்தேன். தார் ஷீட் கொட்டகைகள். பங்குனி வெயிலில் உள்ளே கால் வைக்க முடியாது. அந்தப் பெண்ணை அங்கேதான் பார்த்தேன்.

யூனிஃபார்மை அவளே தேய்ப்பாள். பித்தளைச் சொம்பில் தணலை அள்ளிப் போட்டு, கழுத்தைக் கந்தல் துணியால் பிடித்துக்கொண்டு, பாயில் விரித்துத் தேய்ப்பாள். அப்புறம் சடை. வகிடு துளி கோணினாலும் முழுவதையும் பிரித்து மறுபடி பின்னுவாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று மற்ற பிள்ளைகள் வாசலில் கத்தினாலும் கை நிற்காது. அதற்கு முன்பு அவளுக்குத் தலை பின்னிவிட்டது அம்மா. உள்ளே அழுதுகொண்டு வெளியே சிரித்தாள் என்று நான் எழுதவில்லை டீச்சர், அப்படி இரண்டாகப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. அந்த வகிட்டில்தான் எல்லாம் இருந்தது. பார்த்த நாங்கள்தான் ‘எவ்வளவு சுத்தமான பிள்ளை’ என்றோம்.

அழுத பிள்ளைக்குத்தானே பால்? பொம்மை, பிஸ்கட், கேமரா எல்லாம் அழுத பிள்ளைகளைத் தேடிப் போயின. என் நோட்டில் அவள் பெயருக்கு எதிரே ‘தேறிவிட்டாள்’ என்று நானே எழுதி வைத்திருந்தேன். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் இந்த மனப் பாதிப்புக்கு PTSD என்று தனிப் பெயர் கிடைத்தது. அதன் அறிகுறிப் பட்டியலில் அழுகையைத் தேடினால் கிடைக்காது. மரத்துப்போவது, நினைவூட்டும் எதையும் ஒதுக்குவது, எந்நேரமும் உஷாராக இருப்பது, தூக்கம் கெடுவது, இப்படித்தான் போகும். இதெல்லாம் நான் பின்னாளில் படித்தது. அப்போது தெரிந்திருந்தால் நோட்டில் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸிலிருந்து வந்தவர்கள் ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். படம் வரைவது, பாட்டு, விளையாட்டு என்று போகும். நோண்டி நோண்டிக் கேட்கும் என் வழக்கத்தை அங்கேதான் விட்டேன். ஒருநாள் வீடு வரையச் சொன்னோம். அவள் வரைந்த வீட்டில் ஒரே அறை, ஆனால் மாடிப்படி மட்டும் தாளின் மேல் விளிம்பைத் தாண்டிப் போயிருந்தது. ‘அழகா இருக்கே’ என்றேன். சிரித்தாள்.

இன்னொன்று, கதையில் இல்லாதது. ஒருநாள் அவளுடைய அத்தை என்னிடம் புகார் சொன்னார்: “இந்தப் புள்ள ராத்திரி செருப்பக் கழட்டாமப் படுக்குது சார். பாயெல்லாம் மண்ணு. சொன்னா கேக்க மாட்டேங்குது.” அத்தைக்கு அது சேட்டை. நானும் சிரித்துவிட்டு, அவளைக் கூப்பிட்டு, இனிமேல் கழற்றிவிட்டுப் படு என்றேன். “சரி சார்” என்றாள். அலை வந்த காலையில் கருவேலங்காட்டுக்குள் வெறுங்காலோடு ஓடியவள் அவள் என்பது எனக்கு ஏப்ரலில்தான் தெரிய வந்தது.

கதையின் முதல் பிரதியில் இது இருந்தது. யாரும் நம்ப மாட்டார்கள் என்று நானே அடித்துவிட்டேன். தொகுப்பில் சேர்த்துவிடுகிறேன்.