பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் எதை முதலில் பார்க்கலாம், ஐயா?

பதில்: தயங்காமல் 'டாட்ஸ் ஆர்மி' என்பேன். 1968 முதல் 1977 வரை பிபிசியில் 80 பகுதிகளாக வந்த இத்தொடர், இரண்டாம் உலகப் போரின்போது கடலோரச் சிற்றூர் ஒன்றைக் காக்கத் திரண்ட ஊர்க்காவல் படையின் கதை. எழுதிய இருவரில் ஜிம்மி பெர்ரி இளவயதில் அத்தகைய படையில் இருந்தவர். அதனால்தான் அந்த முதியவர்கள் தடுமாறும்போதும் எழுத்தில் ஒரு கனிவு இருக்கிறது.

ஆனால் தொடரின் உயிர்நாடி வகுப்பு வேறுபாடு. கேப்டன் மேனரிங் வங்கி மேலாளர். சார்ஜென்ட் வில்சன் அதே வங்கியில் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர். மேனரிங் உழைத்து மேலே வந்தவர். வில்சனோ உயர்குடியினர் படிக்கும் பள்ளியில் படித்து, அந்த நாசூக்கைப் பேச்சிலும் நடையிலும் இயல்பாகக் கொண்டவர். ஒரு பகுதியில், உறவினர் ஒருவர் இறந்ததால் வில்சன் தம் பெயருக்கு முன்னால் 'ஆனரபிள்' என்று போட்டுக்கொள்ளும் தகுதியைப் பெறுகிறார். உடனே, மேனரிங் பல ஆண்டுகளாக நுழைய முயன்ற கோல்ஃப் சங்கம் வில்சனைத் தேடிவந்து சேர்த்துக்கொள்கிறது. அதிகாரம் கையில் இருந்தும் அந்தஸ்து கிட்டாத ஒருவரின் வேதனையை, மேனரிங்காக நடித்த ஆர்தர் லோவின் முகத்தில் பாருங்கள். தன் இடத்தை விட்டு மேலே ஏறவும் முடியாமல், அங்கேயே நிம்மதியாக இருக்கவும் முடியாமல் தவிக்கும் மனிதனே இந்த மரபின் நாயகன் என்பது என் கருத்து.

கேள்வி: 'ஃபால்ட்டி டவர்ஸ்' ஏன் 12 பகுதிகளோடு முடிந்துவிட்டது?

பதில்: ஒரு விடுதியில் நடக்கும் குளறுபடிகளைச் சொல்லும் அத்தொடரில் 1975இல் ஆறு, 1979இல் ஆறு. ஜான் கிளீஸும் கானி பூத்தும் மட்டுமே உட்கார்ந்து எழுதினார்கள். எழுத்தாளர் குழு எதுவும் கிடையாது. ஒரு சிறு பொய்யில் தொடங்கி, அதை மறைக்க அடுத்த பொய், அதை மறைக்க இன்னொன்று என்று அரை மணி நேரத்துக்குள் முடிச்சுகள் இறுகும் அந்தக் கட்டுமானத்தை இருவரால் ஆண்டுக்கு இருபது முறை செய்ய இயலாது. குறைவாக எழுதியதால்தான் அது இன்றும் தேயாமல் இருக்கிறது.

கேள்வி: 'யெஸ் மினிஸ்டர்' அரசியல்வாதிகளுக்கே பிடித்தது எப்படி?

பதில்: அமைச்சர் ஹாக்கர் எந்தக் கட்சி என்று கடைசிவரை சொல்லப்படுவதில்லை; ஆகவே எந்தக் கட்சிக்காரரும் அது தம்மைக் குறிப்பதில்லை என்று சிரிக்கலாம். அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சரும் அதன் ரசிகர். செயலாளர் சர் ஹம்ஃப்ரி, அமைச்சர் எடுக்கும் முடிவைத் 'துணிச்சலானது' என்று பாராட்டினால் போதும், ஹாக்கர் வெளிறிப்போவார். அந்தச் சொல்லுக்கு, தேர்தலில் தோற்கப்போகிறோம் என்று பொருள்.

கேள்வி: 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடரை நாங்கள் ரசித்துப் பார்த்தோம். அதைக் குறை கூறுவது சரியா?

பதில்: பல நாட்டவர் ஆங்கிலம் கற்க வரும் ஒரு வகுப்பறையின் கதை அது. ரசித்ததில் தவறில்லை. இலங்கையில் பிறந்த ஆல்பர்ட் மோசஸ் உட்பட அதில் நடித்தவர்கள் திறமைசாலிகள். என் குறை எழுத்தைப் பற்றியது: ஒவ்வொரு மாணவருக்கும் தம் நாட்டைத் தவிர வேறு குணமே கொடுக்கப்படவில்லை. பிரிட்டிஷ் இந்தியக் கலைஞர்கள் நடித்து, 1998இல் தொலைக்காட்சிக்கு வந்த 'குட்னஸ் கிரேஷியஸ் மீ' என்ற குறுநாடகத் தொடரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குடித்துவிட்டு வந்த இந்தியர் கூட்டம் பம்பாயில் ஓர் ஆங்கில உணவகத்துக்குள் நுழைந்து, பரிமாறுபவரின் பெயரைக் கொலைசெய்து, இருப்பதிலேயே காரமே இல்லாத பண்டம் எது என்று வீறாப்பாகக் கேட்கிறது. பிரிட்டனின் இந்திய உணவகங்களில் வெள்ளிக்கிழமை இரவுதோறும் நடப்பதைத் தலைகீழாக்கியதில், யாரும் பிரசங்கம் செய்யாமலே எல்லாம் விளங்கிவிடுகிறது.

கேள்வி: தங்களை மிகவும் உலுக்கிய காட்சி?

பதில்: 1989இல் வந்த 'பிளாக்காடர் கோஸ் ஃபோர்த்' தொடரின் முடிவு. முதல் உலகப் போரின் பதுங்குகுழியிலிருந்து தப்பிக்க நாயகன் பிளாக்காடர் தொடர் முழுவதும் தந்திரம் செய்கிறான். கடைசியில் அவனுடைய பணியாள் பால்ட்ரிக் தன்னிடம் ஒரு திட்டம் இருப்பதாகச் சொல்கிறான். அதைக் கேட்க இனி நேரமில்லை. பிளாக்காடர் எல்லோருக்கும் நல்வாழ்த்துச் சொல்ல, விசில் ஊதுகிறது, ஏறி ஓடுகிறார்கள். படமாக்கிய துண்டு மிகச் சிறியதாக இருந்ததால் படத்தொகுப்பில் அதன் வேகத்தைக் குறைத்தார்கள். புகைக்குள் அவர்கள் மெல்ல மறைய, அதே நிலம், போரில் மாண்டோரின் நினைவாகக் கருதப்படும் செம்பாப்பிப் பூக்கள் நிறைந்த வயலாக மாறுகிறது. வழக்கமான இசை இல்லை. பறவைகளின் ஒலி மட்டும் கேட்கிறது.