ஸ்டார்கிராஃப்ட் 2: ஒரு போர், மூன்று பெட்டிகள் (கேள்வி பதில்)

ஒரே விளையாட்டை மூன்றாகப் பிரித்து விற்றார்களே, அது நியாயமா? விண்வெளிப் போரை நடத்தும் கணினி விளையாட்டான ஸ்டார்கிராஃப்ட் 2 பற்றி என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். முதல் பாகத்தின் காலத்திலிருந்து ஆடிவருகிறவன் என்ற உரிமையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கதையின் திருப்பங்களையும் சொல்லியிருக்கிறேன். இன்னும் ஆடாதவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: அண்ணா, இப்போதுதான் ஆட வந்திருக்கிறேன். மூன்று பெயர்கள் கண்ணில் படுகின்றன. இதில் எது உண்மையான ஸ்டார்கிராஃப்ட் 2?

மூன்றும் சேர்ந்ததுதான், தம்பி. ‘விங்ஸ் ஆஃப் லிபர்ட்டி’ 2010 ஜூலை 27-இல் வந்தது, மனிதர்களான டெரன்களின் கதை. ‘ஹார்ட் ஆஃப் த ஸ்வார்ம்’ 2013 மார்ச் 12-இல் வந்தது, பூச்சிக்கூட்டம் போன்ற வேற்றுயிர் இனமான ஸெர்க் கதை. ‘லெகசி ஆஃப் த வாய்ட்’ 2015 நவம்பர் 10-இல் வந்தது, முன்னேறிய வேற்றுக்கிரக இனமான புரோட்டாஸ் கதை. இதே வரிசையில் ஆடு. முதல் பகுதி 2017 நவம்பரிலிருந்து இலவசம், ஆகவே யோசிக்க ஒன்றுமில்லை.

கேள்வி: பிரிப்பது என்று எப்போது முடிவு செய்தார்கள்? என்ன காரணம் சொன்னார்கள்?

2007 மே மாதம் சியோலில் விளையாட்டை அறிவித்தபோது இந்தப் பேச்சே இல்லை. 2008 அக்டோபரில், பிளிசார்ட் நிறுவனத்தின் பிளிஸ்கான் விழாவில், வடிவமைப்புப் பொறுப்பில் இருந்த ராப் பார்டோ மேடையில் சொன்னார். கேம்பெயின், அதாவது தனியாக ஆடும் கதைப்பகுதி, நினைத்ததைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. இனி வெளியீட்டை நெடுநாள் தள்ளிப்போட வேண்டும், அல்லது கதையை வெட்டிச் சுருக்க வேண்டும், அல்லது இனத்துக்கு ஒன்றாகப் பிரிக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று முறை காசு பார்க்கலாம் என்ற கணக்கும் உள்ளே இருந்திருக்காதா என்று கேட்டால், வியாபாரம் செய்பவர்கள் அதை யோசிக்காமல் இருப்பார்களா என்று நானும் திருப்பிக் கேட்பேன்.

கேள்வி: அப்படியென்றால் முழு விளையாட்டைத் துண்டு போட்டு விற்றதுதானே?

நெய்து முடித்த துணியைக் கிழித்து விற்றால் அந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். இங்கே மற்ற இரண்டு துணிகளும் தறியில்கூட ஏறவில்லை. எண்ணிக்கையைப் பாருங்கள். 1998-இல் வந்த முதல் பாகத்தில் இனத்துக்குப் பத்து வீதம் சுமார் 30 மிஷன்கள், அதாவது கதையின் தனித்தனிக் கட்டங்கள். விங்ஸ் ஆஃப் லிபர்ட்டியில் மட்டும் 29. அதில் சில இடங்களில் இதுவா அதுவா என்று தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதால், ஒரு முறை ஆடி முடிக்கும்போது 26 வரை பார்ப்பீர்கள். ஸெர்க் பகுதியில் 20 முதன்மை மிஷன்களும், படைகளின் பரிணாமத்தைத் தீர்மானிக்கும் 7 குட்டி மிஷன்களும். புரோட்டாஸ் பகுதியில் 19. அவற்றோடு முன்கதையாக 3, முடிவுரையாக 3. அளவில் குறை சொல்ல இடமில்லை.

கேள்வி: எண்ணிக்கை இருக்கட்டும். இனத்துக்குப் பத்து மிஷன் போதாதா? சும்மா இழுத்ததாகத் தோன்றவில்லையா?

எனக்குத் தோன்றவில்லை. முதல் பாகத்தில் நிறைய மிஷன்கள் ஒரே வார்ப்புதான்: தளம் கட்டு, கனிமம் தோண்டு, எதிரியின் தளத்தை அழி. விங்ஸ் ஆஃப் லிபர்ட்டி அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு மிஷனுக்கும் ஒரு தனி விதியை வைத்தது. ஒன்றில் எரிமலைக் குழம்பு அடிக்கடி பொங்கித் தாழ்வான இடத்தையெல்லாம் மூழ்கடிக்கும். கனிமமோ அங்கேதான் கிடக்கும். இன்னொன்றில் ஓடும் ரயில்களை மறித்துக் கொள்ளையடிக்க வேண்டும். நோய் பரவிய குடியிருப்பில் இரவானால் நடைபிணங்கள் கூட்டமாக வரும், விடிந்ததும் நாம் கிளம்பிப் போய்க் கட்டடங்களைக் கொளுத்த வேண்டும். பிறிதொன்றில் வெடிக்கப்போகும் சூரியனின் நெருப்புச் சுவர் இடமிருந்து வலமாக வரைபடத்தை விழுங்கிக்கொண்டே வரும். நாமும் தளத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தபடியே இருக்க வேண்டும்.

இவற்றில் பலவற்றுக்குப் புதிதாக ஒரு படைப்பிரிவும் கையில் கிடைக்கும். கோலியத், வல்ச்சர், மெடிக் போன்ற பழைய படைகள் மற்றவர்களோடு மோதும் மல்டிபிளேயரில் இல்லை, கேம்பெயினில் மட்டும் இருந்தன. இத்தனையையும் பத்தே மிஷன்களில் அடைத்திருந்தால் ஒவ்வொரு படையையும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வைத்திருப்போம். பிரித்ததால் நமக்குக் கிடைத்த லாபம் என்றால் எனக்கு இதுதான் கண்ணில் படுகிறது.

கேள்வி: மொத்தம் எவ்வளவு செலவானது?

அமெரிக்க விலையில் முதலாவது 59.99 டாலர், மற்ற இரண்டும் 39.99 வீதம். கூட்டினால் 140 டாலருக்கு மூன்று சென்ட் குறைவு. ஐந்து வருடத்தில் பரவிய செலவு என்பதால் ஒரேயடியாக வலிக்கவில்லை. ஆனால் ஹார்ட் ஆஃப் த ஸ்வார்ம் வந்த புதிதில், அதை ஆட முதல் பகுதியும் கையில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது பகுதி ஆரம்பத்திலிருந்தே தனியாக ஓடியது.

கேள்வி: நான் கதைப்பக்கமே போவதில்லை. மல்டிபிளேயர் மட்டும்தான். எனக்கு இதனால் என்ன?

உங்களைப் போன்றவர்களுக்குத்தான் உண்மையான அநியாயம் நடந்தது. ஸெர்க் கதை வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். மல்டிபிளேயரில் அப்படி விட முடியாது. 2013-இல் விடோ மைன், வைப்பர், ஆரக்கிள் என்று புதிய படைகள் வந்தன. 2015-இல் அடெப்ட், ராவேஜர், லிபரேட்டர் வந்தன. அதோடு ஆட்டத் தொடக்கத்தில் 6 தொழிலாளிகள் என்பதை 12 ஆக்கி, முதல் சில நிமிடங்களின் வேகத்தையே மாற்றிவிட்டார்கள். போட்டிகள் உடனே புதிய பதிப்புக்குத் தாவின, திறமைசாலிகளும் பின்னாலேயே போனார்கள். வாங்காதவர் பழைய பதிப்பில் எதிராளி கிடைக்கக் காத்துக்கிடந்தார். ஒரு காலத்தில் நொடிகளில் ஆள் கிடைத்த இடத்தில் நிமிடக்கணக்கில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடைசியில் வாங்கினேன், வேறு வழி?

கதையை மூன்றாகவும் மல்டிபிளேயரை ஒன்றாகவும் வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. 2017-இல் இலவசமாக்கியபோது கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார்கள். மல்டிபிளேயரின் புதிய பதிப்பு எல்லோருக்கும் திறந்தது, ஸெர்க், புரோட்டாஸ் கதைகளுக்கு மட்டும் காசு. ஏழு வருடம் தாமதம்.

கேள்வி: கதைக்குப் பிரித்தது நல்லதா, கெட்டதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

கெட்டது. ஒரே வார்த்தையில் நிறுத்தத்தான் முடியவில்லை.

முதல் பாகத்தில் டெரன் பகுதியில் கெரிகன் உங்கள் படைத்தோழி. டார்சோனிஸ் கிரகத்தில் தலைவன் மெங்ஸ்க் அவளை ஸெர்க் கூட்டத்துக்கு நடுவே கைவிட்டுப் போகிறான். அந்த ஆத்திரம் அடங்கும் முன்பே அடுத்த பகுதி தொடங்குகிறது, இப்போது நீங்களே ஸெர்க். ஒரு கூட்டுப்புழுக் கூட்டைப் பாதுகாக்கச் சொல்கிறார்கள். உள்ளே என்ன என்று சொல்ல மாட்டார்கள். கடைசியில் அது பிளந்து கெரிகன் வெளியே வருகிறாள், ஆனால் பழைய கெரிகன் இல்லை. யாரை இழந்ததற்காக வருந்தினீர்களோ, அவளை எதிரியாக வளர்த்துக் கொடுத்ததும் நீங்கள்தான். ஒரே பெட்டி, ஒரே வாரம், ஒரே போரின் இரண்டு பக்கங்கள்.

இரண்டாம் பாகத்தில் இந்த வித்தைக்கே வழியில்லாமல் போனது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக இரண்டரை வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். சூடு ஆறிவிடும். அப்புறம் இன்னொரு சிக்கல், தனியாக விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி முடிவு வேண்டும். விங்ஸ் ஆஃப் லிபர்ட்டியின் முடிவில் டெரன் நாயகன் ரேனர் கெரிகனை மீண்டும் மனிதப் பெண்ணாக்கித் தூக்கிக்கொண்டு நடக்கிறான். நெகிழ்ந்துபோனோம். அடுத்த பெட்டியை நடத்த ஸெர்க் அரசி வேண்டுமே! பாதி வழியிலேயே அவள் மறுபடி ஸெர்க் ஆகிறாள். முதல் பெட்டியில் நாம் பட்ட பாட்டுக்கு என்ன பொருள் என்று கோபப்பட்டவர்கள் நிறைய. நானும் அவர்களில் ஒருவன்.

கேள்வி: மூன்று பகுதிகளும் மூன்று விதமாக இருக்கும் என்றார்களே, இருந்ததா?

பாதி இருந்தது. டெரனுக்குக் கூலிப்படையும் ஆயுத ஆராய்ச்சியும், ஸெர்க்குக்குக் கெரிகனையே வளர்த்தெடுக்கும் ரோல்பிளேயிங் பாணி, இரண்டும் சொன்னபடி வந்தன. புரோட்டாஸுக்கு ராஜதந்திரம் என்று 2008-இல் சொன்னார்கள். வந்தது வேறு. எந்தப் படையின் எந்த வகை வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம், மேலே நிற்கும் பெருங்கப்பலிலிருந்து தாக்குதலை இறக்கலாம். ஆட நன்றாகவே இருந்தது. ஆனால் அதை ராஜதந்திரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: வேறு யாராவது இப்படிப் பிரித்து நன்றாகச் செய்திருக்கிறார்களா?

டோட்டல் வார்: வார்ஹாமர் என்ற வியூக விளையாட்டுத் தொடர். 2016, 2017, 2022 என மூன்று தனி விளையாட்டுகள். முதல் இரண்டையும் வைத்திருந்தவர்களுக்கு, இரண்டு உலகங்களையும் சேர்த்த பெரிய வரைபடத்தை 2017-இலேயே இலவசமாகக் கொடுத்தார்கள். மூன்றாவது வந்தபின் இன்னும் பெரிதாக ஒன்று. பழைய பெட்டி புதியதற்குள் போய்ச் சேர்ந்தது, அதனால் வாங்கியவருக்கு எதுவும் வீணானதாகத் தோன்றவில்லை. அங்கே வீரர் தன் கதையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார் என்பதால் இது எளிது. எழுதி வைத்த கதைக்கு இந்த உத்தி ஒத்துவராது.

கேள்வி: நோவா மிஷன்கள்?

நோவா என்ற டெரன் உளவாளியின் கதை அது. 2016-இல், மூன்று மூன்றாக மூன்று தவணை, மொத்தம் ஒன்பது. மிஷன்கள் நல்லவை. அடுத்த தவணை வருவதற்குள் முந்தையதில் யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்பது எனக்கு மறந்துவிட்டது.

கேள்வி: விங்ஸ் ஆஃப் லிபர்ட்டியில் நடுவே புரோட்டாஸ் மிஷன்கள் வருகின்றனவே, அது எதற்கு?

நல்ல கேள்வி. புரோட்டாஸ் வீரன் ஸெரட்டுலின் நினைவுகளாக வரும் 4 மிஷன்கள் அவை. டெரனை மட்டும் 29 முறை ஆடவைத்தால் சலித்துவிடும் என்று அவர்களுக்கே தோன்றியிருக்க வேண்டும். நான்காவதில் நீங்கள் தோற்றே ஆக வேண்டும். வரக்கூடிய ஓர் எதிர்காலத்தில் புரோட்டாஸ் இனத்தின் கடைசி நாள் அது. எத்தனை எதிரிகளைக் கொன்றுவிட்டுச் சாகிறீர்கள் என்பதுதான் முக்கியக் கணக்கு. மொத்தத் தொடரிலும் எனக்கு மிகப் பிடித்த மிஷன் அதுதான். அது டெரன் பெட்டிக்குள் இருப்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் தெரியவில்லை.

லெகசி ஆஃப் த வாய்டின் முடிவுரையிலும் இதையே பார்க்கலாம். அங்கே மூன்றே மிஷன்கள், ஒன்றில் புரோட்டாஸ், ஒன்றில் டெரன், ஒன்றில் ஸெர்க். ஒரே மாலையில் மூன்று இனங்களையும் ஆடிவிடலாம். 1998-இல் முப்பது மிஷன்களாக இருந்த ஏற்பாடு, பதினேழு வருடம் கழித்து மூன்றாகச் சுருங்கித் திரும்பி வந்தது.