வட கரோலினாவில் 58 ஏக்கர்: அரசு உதவிக்கு முன்னால் ஓடும் இரண்டு கெடுக்கள்

கேள்வி: ராலேயில் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். சென்ற மாதம் சாண்ட்ஹில்ஸ் பகுதியில் 58 ஏக்கர் வாங்கினோம். 20 ஏக்கரில் உள்ளூர் விவசாயி ஒருவர் குத்தகைக்குப் பயிர் செய்கிறார். மீதி 38 ஏக்கரில் இருந்த பைன் மரங்களை முந்தைய உரிமையாளர் வெட்டி விற்றுவிட்டார்; இப்போது அடிக்கட்டையும் புதரும்தான் இருக்கின்றன. மரம் நட மத்திய அரசு பணம் தருவதாகச் சொல்கிறார்கள். முழுநேர விவசாயி அல்லாத எனக்குக் கிடைக்குமா? வாங்கினால் நிலம் அரசின் பிடிக்குள் போய்விடும் என்று பக்கத்து நிலத்துக்காரர் எச்சரிக்கிறார். நாற்றுக்கு முன்பணம் கட்டலாமா?

பதில்: கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் முன்பணம் கட்டாதீர்கள், இப்போது வேண்டாம். இந்தத் திட்டங்களில் எவ்வளவு கிடைக்கும் என்பதைவிட எதை முதலில் செய்தோம் என்பதே பலரைக் கவிழ்க்கிறது.

நீங்கள் நிலம் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது என்பதால், மரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் இரண்டு கெடுக்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது 60 நாள். வட கரோலினாவில் விவசாய நிலத்துக்கும் காட்டு நிலத்துக்கும் சந்தை மதிப்பில் அல்லாமல் பயன்பாட்டு மதிப்பில் சொத்து வரி விதிக்கும் சலுகை உண்டு. வயலுக்குக் குறைந்தது 10 ஏக்கர், காட்டுக்கு 20 ஏக்கர் வேண்டும். முந்தைய உரிமையாளர் அந்தச் சலுகையில் இருந்திருந்தால், அதைத் தொடர விரும்பும் புதிய உரிமையாளர் நிலம் கைமாறிய 60 நாட்களுக்குள் மாவட்ட வரி அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சலுகை பறிபோனால் நடப்பு ஆண்டோடு முந்தைய மூன்று ஆண்டுகளின் வரி வித்தியாசமும் வட்டியோடு வந்து நிற்கும். மரம் வெட்டிய நிலம் காட்டு நிலமாகவே தொடர, மறுபடி மரம் வளர்க்கும் மேலாண்மைத் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்தத் திட்டம் கீழே சொல்லப்போகும் மத்திய அரசு உதவிக்கும் பயன்படும்.

இரண்டாவது கெடு எல்லோருக்கும் பொருந்தாது; நம்மவர்களில் பலருக்குப் பொருந்தும். குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல், எச்1பி போன்ற விசாவில் இருப்பவர் விவசாய நிலமோ காட்டு நிலமோ வாங்கினால், 90 நாட்களுக்குள் வேளாண் துறைக்குப் படிவம் கொடுத்துத் தெரிவிக்க வேண்டும். 1978-ஆம் ஆண்டுச் சட்டம் இது. தவறினால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. நிலம் விற்பவரோ தரகரோ இதைச் சொல்வார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம்.

இனி உதவிக்கு வருவோம். உங்கள் மாவட்டத்துக்கான அமெரிக்க வேளாண் துறைச் சேவை மையத்தில் பொதுவாக இரண்டு அலுவலகங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும். ஒன்று பண்ணைச் சேவை முகமை, சுருக்கமாக எஃப்.எஸ்.ஏ. மற்றது இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை, என்.ஆர்.சி.எஸ். பணம் தருவது பெரும்பாலும் இரண்டாவது என்றாலும், முதலில் போக வேண்டியது எஃப்.எஸ்.ஏ.வுக்கு. பத்திரத்தைக் காட்டி உங்கள் பெயரில் பண்ணை எண் வாங்குங்கள். பயிர் செய்த நிலம் என்பதால் பழைய உரிமையாளர் பெயரில் எண் ஏற்கெனவே இருக்க வாய்ப்பு அதிகம். பெயர் மாற்றினால் போதும். எல்.எல்.சி. என்ற வகை நிறுவனத்தின் பெயரில் வாங்கியிருந்தால் யார் கையெழுத்திடலாம் என்பதைக் காட்டும் ஆவணமும் வேண்டும்.

அங்கேயே இரண்டு முக்கியமான படிவங்களில் கையெழுத்திடுவீர்கள். மூன்று ஆண்டுச் சராசரி வருமானம் 9,00,000 டாலர் வரம்புக்குள் இருக்கிறது என்பது ஒன்று. ஈர நிலத்தை வடித்துப் பயிர் வைக்க மாட்டேன், அரிப்பு அதிகமுள்ள நிலத்தில் பாதுகாப்பின்றி உழ மாட்டேன் என்பது மற்றது. இரண்டாவதை வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள். அந்த உறுதி உதவி கேட்கும் 38 ஏக்கருக்கு மட்டுமல்ல, குத்தகைக்கு விட்ட வயலையும் சேர்த்து உங்கள் நிலம் முழுவதற்கும்தான்.

உங்களுக்குப் பொருந்தும் திட்டம் ஈக்விப் (EQIP), நிலப் பாதுகாப்பு வேலைகளின் செலவில் பங்கு தரும் என்.ஆர்.சி.எஸ். திட்டம். 1996-இல் தொடங்கியது, தனியார் காட்டு நில உரிமையாளர்களும் இதில் அடக்கம், முழுநேர விவசாயியாக இருக்கத் தேவையில்லை. பண்ணையோ காடோ இதுவரை நடத்தாதவரும், தொடர்ந்து நடத்தியது பத்து ஆண்டுகளைத் தாண்டாதவரும் புதிய விவசாயி என்ற பிரிவில் வருவார்கள். நீங்கள் அதில் வர வாய்ப்பு உண்டு. மற்றவர்களுக்குச் செலவில் 75 சதவீதம் வரை என்றால் புதிய விவசாயிக்கு 90 சதவீதம் வரை.

ஆனால் இந்த 90 சதவீதம் உங்கள் ரசீதில் கணக்கிடப்படுவதல்ல. ஒவ்வொரு வேலைக்கும் மாநில வாரியாக ஆண்டுதோறும் ஒரு மதிப்பீட்டுச் செலவை என்.ஆர்.சி.எஸ். நிர்ணயிக்கிறது, ஏக்கருக்கு இவ்வளவு என்ற அந்தத் தொகைதான் வரும். ஒப்பந்ததாரர் அதிகம் கேட்டால் மிச்சம் உங்கள் பையிலிருந்து. அதோடு, வேலை முடிந்து அதிகாரி வந்து பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பணம். புதிய விவசாயி முன்கூட்டியே பாதித் தொகை கேட்கலாம். அப்படி வாங்கியதை 90 நாட்களுக்குள் செலவழிக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திடும் முன் தொடங்கிய வேலைக்கு ஈக்விப்பில் ஒரு டாலர்கூடக் கிடையாது. நடவுப் பருவம் போய்விடுமே என்று ஆள் வைத்துப் புதரை அழித்தவர்கள் இப்படித்தான் ஏமாந்து நிற்கிறார்கள். காத்திருக்கவே முடியாத நிலை என்றால், முன்கூட்டித் தொடங்க எழுத்து மூலம் அனுமதி கேட்கலாம். அனுமதி கிடைத்தாலும் ஒப்பந்தம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

விண்ணப்பத்தை ஆண்டு முழுவதும் வாங்குவார்கள். ஆனால் மாநிலம் அறிவிக்கும் ஒரு தேதி வரை வந்தவற்றை மட்டும் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவார்கள். நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குவதால் பல மாநிலங்களில் அந்தத் தேதி இலையுதிர் காலத்திலோ குளிர்காலத்திலோ வரும். விண்ணப்பித்து ஒப்பந்தம் ஆக ஓராண்டு ஆகலாம் என்று எண்ணிக்கொண்டு இறங்குங்கள். இந்த ஆண்டு இடம் கிடைக்காவிட்டால் விண்ணப்பத்தை அடுத்த சுற்றுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

காத்திருக்கும் அந்த மாதங்களில்தான் உண்மையான வேலை நடக்க வேண்டும். மாநில வனத் துறையின் மாவட்ட வனவரை அழைத்து நிலத்தைச் சுற்றிக் காட்டுங்கள். மண் எது, வடிகால் எப்படி, என்ன மரம் பொருந்தும் என்று பார்த்து மேலாண்மைத் திட்டம் எழுத அவர்கள் உதவுவார்கள். சாண்ட்ஹில்ஸின் மணற்பாங்கான மண் என்றால் லாங்லீஃப் பைனைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். தென்கிழக்கு மாநிலங்களில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் பரவியிருந்த மரம் அது. மிகச் சிறிய பங்காகச் சுருங்கிப் போனது. அதை மீட்க என்.ஆர்.சி.எஸ். 2010 முதல் தனி முயற்சி நடத்துகிறது, எனவே உங்கள் விண்ணப்பத்துக்கு அது வலு சேர்க்கக்கூடும். பணத்தைத் தாண்டியும் இந்த மரத்தின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. காட்டுத் தீயையும் வறட்சியையும் தாங்கி நிற்கும் அதன் அடியில்தான் பலவகைப் புல்லும் பூண்டும் செழிக்கின்றன.

ஆனால் பொறுமை வேண்டும். இங்கே பரவலாக நடப்படும் இன்னொரு வகையான லாப்லாலி பைன் நட்டவுடன் மேலெழும். லாங்லீஃப் நாற்று சில ஆண்டுகள் தரையோடு தரையாகப் புல் கொத்துப் போலவே இருக்கும். வேர்தான் கீழே வளரும். செத்துவிட்டது என்று முடிவு கட்டி உழுதுவிடாதீர்கள். அந்தக் கட்டத்தில் புதர் மூடாமல் காப்பதும், பயிற்சி பெற்றவரை வைத்துக் குறித்த நாளில் கட்டுப்படுத்தித் தீயிடுவதும் நடவைப் போலவே முக்கியம். எனவே நிலம் தயாரித்தல், நடவு, பின்னாளில் தீயிடுதல் மூன்றையும் ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேளுங்கள். நடவு பெரும்பாலும் டிசம்பர் முதல் மார்ச் வரை.

மாநில அரசும் காடு மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் நடவுச் செலவில் ஒரு பங்கு தருகிறது. மரம் வாங்குவோரிடம் வசூலிக்கும் கட்டணமும் அந்த நிதியில் சேர்கிறது. ஒரே ஏக்கரில் ஒரே வேலைக்கு இரண்டு இடத்திலும் வாங்க முடியும் என்று நீங்களாக முடிவு செய்யாமல், எது நல்லது என்று வனவரிடமே கேளுங்கள். வயலின் மண் அரிப்பைத் தடுக்க மாவட்ட மண், நீர்ப் பாதுகாப்புக் குழுவிடம் தனி உதவி உண்டு. நாட்டின் முதல் மண் பாதுகாப்பு வட்டாரமே உங்கள் பகுதியை ஒட்டிய ஆன்சன் மாவட்டத்தில் 1937-இல் அமைந்ததுதான். 1935-இல் மத்திய மண் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கிவைத்த ஹியூ ஹாமண்ட் பென்னட் அந்த மண்ணில் பிறந்தவர்.

பக்கத்து நிலத்துக்காரர் சொல்வதில் பாதி உண்மை. உரிமை உங்களிடமே இருக்கும். பொதுமக்கள் உள்ளே வரவும் முடியாது. ஆனால் அதிகாரிகள் பார்வையிட வருவார்கள். வாங்கிய பணத்துக்கு ஈடாக அந்த வேலையைக் குறிப்பிட்ட காலம் பராமரிக்க வேண்டும். மரநடவுக்கு அது 15 ஆண்டு வரை போகலாம். இடையில் நிலத்தை விற்றால், வாங்குபவர் பொறுப்பை ஏற்க வேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்ப நேரலாம். இதிலிருந்து முற்றிலும் வேறானது பாதுகாப்பு ஈஸ்மென்ட். நிலத்தின் சில உரிமைகளை, பெரும்பாலும் நிரந்தரமாக, விட்டுக்கொடுப்பது அது. யாராவது அதைப் பற்றிப் பேசினால் வழக்கறிஞர் இல்லாமல் கையெழுத்திடாதீர்கள்.

வயலைப் பயிரிடாமல் பாதுகாப்புக்கு ஒதுக்கினால் வாடகை தரும் சி.ஆர்.பி. (CRP) என்ற மத்திய அரசுத் திட்டத்தில் சேர்த்து 10 முதல் 15 ஆண்டு வாடகை வாங்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். அதற்குப் பொதுவாக 12 மாத உரிமை வேண்டும். உங்களுக்கு இன்னும் ஆகவில்லை. சேர்ப்பதற்காகக் குத்தகைதாரரை வெளியேற்றவும் விதி இடம் தராது. அவரோடு பேசி, மண்ணைக் காக்க வளர்க்கும் மூடுபயிர் விதைக்க ஏற்பாடு செய்யலாம். அதற்கான ஈக்விப் உதவியை நிலத்தின் கட்டுப்பாடு அவரிடம் இருந்தால் அவரே கேட்கலாம். யார் விண்ணப்பிப்பது, பணம் யாருக்கு என்பதை அடுத்த குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

வரிக் கணக்கருக்கு இரண்டு செய்தி. இந்த உதவித் தொகைக்கு, அரசு தந்த பணத்தைக் காட்டும் 1099-ஜி என்ற வரிப் படிவம் வரும். அதில் எவ்வளவு வரிக்கு உட்படாது என்பதை வருமான வரிச் சட்டத்தின் 126-ஆம் பிரிவை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மறுநடவுக்கு உங்கள் கையிலிருந்து போன செலவில் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை 194-ஆம் பிரிவின் கீழ் கழிக்கலாம், மிச்சத்தை 84 மாதங்களில் பரப்பிக் கழிக்கலாம். நிலம் தயாரிப்பு, நாற்று, நடவுக் கூலி ரசீதுகளைத் தனித்தனியே வைத்திருங்கள்.